படிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டவன் கணக்கை மட்டும் ஏன் விட்டான்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு சிறுகதை போட்டிருந்தீங்க. யாருமே படிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குற ஒரு நாடு, படிச்சா ஜெயிலு, வீட்ல புத்தகம் இருந்தா தீ வச்சிருவாங்க. எழுதுனது காலேஜ் படிக்கிற தம்பின்னு கீழ போட்டிருந்துச்சு. நல்லாவே எழுதியிருக்காப்ல, ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் அடிச்சு அந்தப் பொண்ணு படிக்கிற எடத்த நான் ரெண்டு தடவ படிச்சேன். ஆனா ஏன் தடைன்னு அது தாத்தாகிட்ட கேக்குறப்ப அவரு ஒரு பதில் சொல்றாரு பாருங்க, படிச்சா ஜனங்க யோசிப்பாங்க, யோசிச்சா ராஜாவுக்கு ஆபத்துன்னு, அங்கதான் எனக்கு இடிக்குது.

இந்தப் பதில எத்தனையோ கதைல சினிமால பாத்தாச்சு. படிக்கிற நாம நமக்கே போட்டுக்குற மாலை இது. நான் தாலுகா ஆபீஸ் ஒண்ணுக்கு எதுத்தாப்ல இருபது வருஷத்துக்கு மேல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன் சார், என் கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேரு வயசானவங்க, எழுத்து தெரியாது இல்லன்னா தெரிஞ்சும் தெரியாத மாதிரிதான், ஆனா அவங்க யோசிக்க மாட்டாங்கன்னு மட்டும் சொன்னீங்கன்னா நான் சண்டைக்கு வருவேன். ரெண்டு வட்டிக்கு வாங்குன பதினெட்டாயிரத்துக்கு பதினாலு மாசத்துக்கு எவ்வளவுன்னு நான் கால்குலேட்டர எடுக்குறதுக்குள்ள ஒரு அம்மா சொல்லிரும். யோசனைக்கு எழுத்து வேணும்னு இல்ல. அப்ப எழுத்த ஏன் ஒருத்தன் தடை பண்ணணும்?

கற்பனை நாட்ட விடுங்க, நெசமாவே அப்பிடி சட்டம் போட்ட எடம் இருக்கு, அமெரிக்காவோட தெக்குப் பக்கம், அடிமைங்க இருந்த காலம். இதப் பத்தி எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு, கடைல கூட்டம் இல்லாத மத்தியானத்துல ரொம்ப நாளா இதத்தான் படிச்சிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாப் போகும், வெட்டுறதா இருந்தா வேற எடத்துல வெட்டுங்க.

1739 செப்டம்பர்ல தென் கரோலினால ஸ்டோனோங்கிற ஆத்தங்கரைல அடிமைங்க கிளர்ச்சி பண்ணாங்க. அத அடக்கிட்டு அடுத்த வருஷமே, 1740ல, ஒரு பெரிய சட்டம் போட்டாங்க. அதுல ஒரு பிரிவு, அடிமைக்கு எழுதச் சொல்லிக்குடுத்தா நூறு பவுண்ட் அபராதம். கவனிங்க, எழுத. படிக்கிறதப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. ஜனங்க யோசிச்சிருவாங்கன்னு பயம்னா மொதல்ல படிக்கிறதத்தான தடுத்திருக்கணும்? ஏன்னு புரியணும்னா அதே சட்டத்துல இருக்குற இன்னொரு பிரிவப் பாக்கணும். அடிமை ஒருத்தன் தோட்டத்த விட்டு வெளிய போகணும்னா கைல ஒரு சீட்டு இருக்கணும், இன்னார் எங்க ஆளு, இன்ன ஊருக்குப் போறான், இன்ன நாள் திரும்புவான்னு மொதலாளி எழுதிக் குடுத்த சீட்டு. வழியில ரோந்துக்காரன் நிறுத்தினா அதக் காட்டணும், இல்லன்னா அடி. இப்ப சொல்லுங்க, அடிமைக்கு எழுதத் தெரிஞ்சா மொதல்ல எத எழுதுவான்? கவிதையா? சீட்டத்தான் எழுதுவான்.

அம்புட்டுதான் விஷயம். பெரிய தத்துவம்லாம் இல்ல.

வட கரோலினால 1830ல போட்ட சட்டம் இன்னும் தெளிவு. அது ஆரம்பிக்கிறப்பவே காரணத்த சொல்லிருது, அடிமைங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுத்தா மனசுல அதிருப்தி வரும், கலகம் வரும்னு. வெள்ளக்காரன் சொல்லிக்குடுத்தா நூறுலேர்ந்து இருநூறு டாலர் அபராதம், இல்லன்னா ஜெயிலு. அடிமையே இன்னொரு அடிமைக்குச் சொல்லிக்குடுத்தா முப்பத்தொம்பது கசையடி. இதெல்லாம் எதிர்பாத்ததுதான். ஆனா நடுவுல ஒரு சின்ன விதிவிலக்கு சொருகியிருக்காங்க, அத மொத தடவ படிச்சப்ப நான் டீய கீழ வச்சிட்டேன். எழுதப் படிக்கத்தான் சொல்லிக்குடுக்கக் கூடாது, கணக்குக்கான எண்கள் மட்டும் சொல்லிக்குடுக்கலாமாம்! எண்ணு தெரிஞ்ச ஆளு பண்ணைக்கு வேணும்ல, எத்தனை மூட்டை, எத்தனை பீப்பா, எத்தனை ராத்தல்னு எண்ணி வைக்க ஆள் வேணும், அதுக்கு எண்ணு போதும், எழுத்து எதுக்கு. அதுக்காக கணக்குப் போடுறவன் யோசிக்க மாட்டானா என்ன, பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு கிட்ட கேட்டுப் பாருங்க. யோசிக்கிறதுக்குப் பயந்த சட்டமா இருந்தா எண்களையும் சேத்துல்ல தடுத்திருக்கணும்?

ஒண்ணு ஒத்துக்குறேன், புத்தகத்துக்கும் பயம் இருந்துச்சு. 1829ல பாஸ்டன்ல டேவிட் வாக்கர்னு ஒரு கறுப்பர், துறைமுகம் பக்கத்துல பழைய துணி விக்கிறவரு, அடிமைத்தனத்த எதுத்து ஒரு சின்ன புத்தகம் போட்டாரு, அது கப்பல்காரங்க மூலமா தெக்க போய் சேந்துச்சு, மாகாணம் மாகாணமா நடுங்கி சட்டம் போட்டாங்க, 1831ல வர்ஜீனியால நாட் டர்னர்ங்கிற அடிமை நடத்துன கிளர்ச்சிக்கு அப்புறம் இன்னும் இறுகிருச்சு, அவரும் படிக்கத் தெரிஞ்சவரு. தென் கரோலினா 1834லதான் படிக்கிறதையும் சேத்துத் தடுத்துச்சு. ஆக எழுதத் தடை வந்து கிட்டத்தட்ட நூறு வருஷம் கழிச்சுதான் படிக்கத் தடை. மொதப் பயம் எதுன்னு இதுலயே தெரியுதுல்ல.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆளு ப்ரெடரிக் டக்ளஸ், அடிமையாப் பொறந்து தப்பிச்சு வந்து அடிமைத்தனத்த எதுத்துப் பேசி எழுதினவரு. அவரோட கதை நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். பால்டிமோர்ல சின்னப் பையனா இருந்தப்ப எசமானியம்மா நல்ல மனசோட ஏபிசி சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சுச்சு, புருஷன் பாத்துட்டு நிறுத்திட்டாரு, இவனுக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்தா அப்புறம் அடிமையா வச்சிருக்க முடியாதுன்னு. வேடிக்கை என்னன்னா மேரிலாண்ட்ல அடிமைக்குப் படிப்பு சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு எழுதின சட்டமே கிடையாது, ஆனா அந்தாளு சட்ட விரோதம்னு சேத்து சொன்னாரு. அப்புறம் பையன் என்ன பண்ணான், வீட்டுலேர்ந்து ரொட்டி எடுத்துட்டுப் போய் தெருவுல பசியோட திரியிற ஏழை வெள்ளக்காரப் பசங்களுக்குக் குடுத்து பதிலுக்கு எழுத்து கத்துக்கிட்டான். அவங்க கிட்ட ரொட்டி இல்ல, இவன் கிட்ட எழுத்து இல்ல, பண்டமாத்து.

எழுதக் கத்துக்கிட்டது இன்னும் ஜோரு. கப்பல் கட்டுற எடத்துல தச்சனுங்க மரத்தச் செதுக்கி வச்சிட்டு எந்தப் பக்கத்துக்கு எந்த மரம்னு அது மேல எழுத்து போடுவாங்க. இடது பக்கத்துக்கு எல், வலது பக்கத்துக்கு எஸ், அதுல முன்பக்கம்னா ஒரு எஃப், பின்பக்கம்னா ஒரு ஏ. பையன் அந்த நாலு எழுத்த மட்டும் மரத்தப் பாத்து கத்துக்கிட்டு தெருப் பசங்க கிட்ட போய் உன்ன விட நான் நல்லா எழுதுவேன் பாக்குறியான்னு பந்தயம் கட்டுவான், அவன் ரோஷத்துல வேற எழுத்தெல்லாம் எழுதிக் காட்டுவான், இவன் பாத்துக்குவான். சுவர், வேலி, நடைபாதை இதுதான் சிலேட்டு, சாக்பீஸ்தான் பேனா.

வளந்ததும் அந்த எழுத்த வச்சு என்ன பண்ணாருன்னு பாருங்க. 1836 ஈஸ்டர் நேரம், கூட்டாளிங்களோட தப்பிச்சுப் போக பிளான் போட்டு ஆளுக்கு ஒரு சீட்டு எழுதினாரு, ஈஸ்டர் லீவுக்கு பால்டிமோர் போய் வர அனுமதின்னு மொதலாளி எழுதின மாதிரியே. நூறு வருஷம் முன்னாடி தென் கரோலினாக்காரன் எதுக்குப் பயந்தானோ அச்சு அசலா அதையே. ஆனா யாரோ காட்டிக்குடுத்துட்டாங்க, மாட்டிக்கிட்டாங்க. அமளி துமளில டக்ளஸ் தன்னோட சீட்ட யாருக்கும் தெரியாம அடுப்புல போட்டுட்டாரு. கையக் கட்டி இழுத்துட்டுப் போறப்ப வழியில ஹென்றிங்கிற கூட்டாளி மெதுவா கேக்குறாரு, என் சீட்ட என்ன பண்றதுன்னு. ரொட்டியோட சேத்துத் தின்னுருன்னு சொல்றாரு டக்ளஸ். தின்னுட்டாரு. சாட்சி இல்ல, அதனாலதான் தப்பிச்சாங்க.

கதைகள்ல எப்பப் பாத்தாலும் அரசாங்கம்தான் காகிதத்த எரிக்குது. இங்க எழுதினவனே எரிக்கிறான், தின்னுறான். இந்த மாதிரி ஒரு சீன கற்பனைல யாரு யோசிப்பா சொல்லுங்க.

அப்புறம் 1838 செப்டம்பர்ல அவரு நெசமாவே தப்பிச்சதும் ஒரு காகிதத்தாலதான். சுதந்திரமான கறுப்பு மாலுமி ஒருத்தரோட அடையாளச் சீட்ட கடன் வாங்கிட்டு ரயில் ஏறிட்டாரு. சீட்டுல இருக்குற ஆளு அங்க அடையாளத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்ல. கண்டக்டரு சீட்டு மேல இருந்த கழுகு படத்தப் பாத்தாரு, சரின்னு காசு வாங்கிட்டுப் போயிட்டாரு, முழுசாப் படிக்கல.

படம்னதும் இன்னொண்ணு. படிக்கத் தடை இருக்குற கற்பனை நாட்டுக் கதைல ரெண்டு ரொம்பப் பிரபலம், ரே பிராட்பரி 1953ல எழுதின 'ஃபாரன்ஹீட் 451' ஒண்ணு, மார்கரெட் அட்வுட் 1985ல எழுதின 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' ஒண்ணு. நம்ம தம்பி மொத ஆளோட பாதைல போயிருக்காரு, புத்தகத்த எரிக்கிற நாடு. ஆனா அந்தக் கதைலயே காமிக்ஸ் படிக்கலாம், தொழில் பத்திரிகை படிக்கலாம், எரிக்கிறது வேற வகைப் புத்தகங்கள, ஆக அது முழுசா படிப்புத் தடையே இல்ல. அட்வுட் கதைலதான் நெசத் தடை, அதுவும் எல்லாருக்கும் இல்ல, பொம்பளைங்களுக்கு மட்டும். எனக்கு அதுல பிடிச்சது கடைத்தெரு. கடைப் பேரையெல்லாம் பெயிண்ட் அடிச்சு அழிச்சிட்டு படத்த மட்டும் விட்ருப்பாங்க, கறிக்கடைக்கு கறித்துண்டு படம். சாமான் வாங்க காசு கிடையாது, டோக்கன், அதுலயும் எழுத்து இல்லாம முட்டை படம், பாலாடைக்கட்டி படம். பத்தி பத்தியா ஏன் தடைன்னு விளக்குறத விட அந்த முட்டை டோக்கன் போதும். எத்தனை முட்டை வாங்கணும்னு முடிவு பண்றது உன் வேலை இல்லன்னு அது சொல்லிருது. (நம்ம ஊர்லயும் 1951-52 மொதத் தேர்தல்லேர்ந்து படம்தான், ஓட்டுச் சின்னம். ஆனா அது எழுத்து தெரியாதவங்களையும் உள்ள கூட்டிட்டு வர்றதுக்கு. படம் அதே படம்தான், யாரு எதுக்குப் போடுறாங்கங்கிறதுதான் வித்தியாசம்.)

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைக்குதுன்னா எங்க அப்பத்தாவால. நான் புதுக்கோட்டை மாவட்டம். தாத்தா சாகுறதுக்கு முன்னாடி வைத்தியச் செலவுக்கு ஒரு ஆள் கிட்ட பணம் வாங்கி கொல்லைக்காட்ட அடமானம் வச்சாங்க, அப்பத்தா கைநாட்டு வச்சுச்சு. பத்திரத்த வாசிச்சுக் காமிச்சாங்களாம். காதுக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, அடமானம், இத்தன வருஷம், இவ்வளவு வட்டி. காகிதத்துல இருந்தது என்னன்னா சுத்தக் கிரயம், அதாவது காட்ட வித்துட்டதா. மூணு வருஷம் கழிச்சு மீட்கப் போனப்பதான் தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் அந்தக் காட்டுலயே கூலிக்குக் களை எடுத்துச்சு எங்க அப்பத்தா. அது படிக்கக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல சார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பல, அவ்வளவுதான், அபராதம் இல்ல, கசையடி இல்ல, செலவே இல்லாம அதே வேலை நடந்துச்சு.

1991ல எங்க மாவட்டத்துல அறிவொளி வந்துச்சு, பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்குடுக்குற இயக்கம், கலெக்டரம்மா ஷீலா ராணி சுங்கத் இருந்தப்ப. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு, தொண்டரா சேந்துட்டேன். ராத்திரி ஏழரை மணிக்கு மேல தெரு லைட்டுக்குக் கீழ கிளாஸு, வேல முடிச்சு ஒல வச்சிட்டு வருவாங்க. பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டதத்தான் எல்லாரும் பேசுவாங்க, அது நெசமாவே பெரிய விஷயம்தான், கல்குவாரில கல்லு உடைச்சவங்க குழுவா சேந்து குவாரியவே குத்தகை எடுத்ததும் அப்பதான். ஆனா எனக்கு மறக்காதது பாடப் புத்தகம். அ, ஆ, அம்மா, ஆடுன்னு ஆரம்பிக்காது. மொதப் பாடத்துல 'பட்டா'. அப்புறம் 'படி'. பட்டாங்கிற வார்த்தைய சிலேட்டுல எழுதினப்ப எங்க அப்பத்தா கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்துச்சு, இதுதானா அதுன்னு கேட்டுச்சு. வேற ஒண்ணும் சொல்லல.

அதனால தம்பிக்கு நான் சொல்ல வந்தது இதான், அந்தக் கதைய மறுபடி எழுதுனா தாத்தாவோட அந்த டயலாக்க எடுத்துருங்க. ராஜா புத்தகத்தப் பாத்து நடுங்குறவனா இருக்க வேணாம், அவன் வீட்ல அலமாரி நெறைய புத்தகம் இருக்கட்டும். அவனும் அவன் ஆளுங்களும் நல்லாப் படிப்பாங்க, இல்லன்னா வரிக் கணக்க யாரு பாக்குறது, படிக்கக் கூடாதுங்கிற சட்டத்தையே யாரு எழுதுறது யாரு வாசிக்கிறது? வர்ஜீனியால நார்ஃபோக்ல 1854ல மார்கரெட் டக்ளஸ்னு ஒரு வெள்ளக்கார அம்மாவ, சுதந்திரமான கறுப்புக் குழந்தைங்களுக்கு வீட்ல வச்சு படிக்கச் சொல்லிக்குடுத்ததுக்கு ஒரு மாசம் ஜெயில்ல போட்டாங்க, தீர்ப்பு எழுதின ஜட்ஜு வீட்டுக் குழந்தைங்க அன்னைக்கு பள்ளிக்கூடம் போயிருக்கும்ல. அந்த மாதிரி ஒரு நாடு. அங்க வேல செய்யிறவங்களுக்கு மட்டும் தடை. எண்ணத் தெரியணும், எழுத்து கூடாது. அந்தப் பொண்ணு போர்வைக்குள்ள கதைப் புத்தகம் படிக்கிறதுக்குப் பதிலா தன் அப்பன் கைநாட்டு வச்ச கடன் சீட்டப் படிக்கட்டும், எழுத்துக் கூட்டி, டார்ச் பேட்டரி தீர்றதுக்குள்ள. அது படிச்சு முடிச்சிட்டு அடுத்து என்ன பண்ணும்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்னு இருக்கு.

போன மாசம் கடைக்கு ஒரு அம்மா வந்துச்சு, அறுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அறிவொளியில நான் சொல்லிக்குடுத்த ஆளு இல்ல, பக்கத்து ஊரு செட்டு. குழு லோன் காகிதம், நாலு பக்கம், பொடி எழுத்து. குடு ஆத்தா நான் வாசிச்சுச் சொல்றேன்னேன், எனக்குப் பின்னாடி கூட்டம் நிக்குது, ஒருத்தருக்கு ஆதார் ஜெராக்ஸு, ஒருத்தருக்கு சிட்டா. நீ வாசிக்க வேணாம் தம்பின்னுச்சு. பெஞ்சுல உக்காந்து வெரல வச்சு எழுத்துக் கூட்டிட்டே போச்சு, கால் மணி நேரம் மொதப் பக்கம் முடியல. பின்னாடி இருந்தவங்க மொணங்க ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் எந்திரிச்சு வந்து காகிதத்த நீட்டுச்சு. கண்ணு தெரியல, இத நல்லா பெருசாப் பண்ணிக் குடு, நான் வீட்டுக்குக் கொண்டு போய் படிச்சிட்டு நாளைக்கு வந்து கையெழுத்து போட்டுக்குறேன்னுச்சு. ஏ-த்ரீ சீட்டுல எட்டுப் பக்கமா எடுத்துக் குடுத்தேன். காசு கொஞ்சம் கம்மியா வாங்கிக்கிட்டேன், அதையும் எண்ணிப் பாத்துட்டு ரெண்டு ரூபா திருப்பிக் குடுத்துச்சு, கணக்கு தப்பா போட்டுட்ட தம்பின்னு.

இப்படிக்கு,
முன்னாள் அறிவொளி தொண்டர் (இப்ப ஜெராக்ஸ் கடை),
புதுக்கோட்டை மாவட்டம்.